கடலோரம் போன ஆண் செடி

தண்டைக் கட்டைவிரலால் தேய்த்து முகர்ந்தபோது மார்னிக்குக் கண் தானாக மூடிக்கொண்டது. கனிந்த அத்திப்பழம், அதற்கடியில் லேசாக மண்ணெண்ணெய். அதே வாசனைதான். கண்ணைத் திறந்து கணுவைப் பார்த்தாள். வெள்ளை இழைகள் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை மணிகள் கொத்தாகத் தொங்கின. ஆண்.

ஹம்போல்ட் மலையில் கஞ்சா வளர்ப்பவர்கள் ஆண் செடியைக் கண்ட அன்றே பிடுங்கிவிடுவார்கள். மார்னியும் அப்படித்தான் செய்து வந்தாள். ஆனால் இது அவள் தேடிக்கொண்டிருந்த செடி. மரம் வெட்டப்போன இடத்தில் கணவன் கிளெம் விழுந்து முதுகு நொறுங்கியதிலிருந்து அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒவ்வொரு வருஷமும் அவனுக்காக வேறு வேறு ரகம் வளர்த்துப் பார்த்தாள். ஒன்று அவனைச் சிரிக்க வைத்தது, ஒன்று ஓயாமல் பசிக்க வைத்தது, ஒன்று சுவரோடு பேச வைத்தது. தண்ணீர்த் தொட்டி ஓரம் தானாக முளைத்த ஒரு பெண் செடிதான் ஓர் இலையுதிர்காலம் முழுக்க அவனைத் தூங்க வைத்தது. கிளை ஒடித்து நட்டு வைப்பதற்குள் அது பனியில் கருகிவிட்டது. அதன் காய்ந்த மொட்டுகளைப் போட்டு வைத்த ஜாடியின் அடியில் கிடந்த சில விதைகள்தான் மிச்சம். ஒரே தாயின் விதைதான் என்றாலும், கூடப்பிறந்தவர்கள் மாதிரி ஆளுக்கொரு முகமாக வளர்ந்தன. தாயின் வாசனை வந்தது இந்த ஒன்றுக்குத்தான். இதன் மகரந்தத்தை நல்ல பெண் செடி ஒன்றில் சேர்த்தால் அடுத்த வருஷம் அந்தத் தூக்கம் திரும்பி வரலாம்.

கீழ்த் தோட்டத்து லியோனா கத்தரியோடு வந்து நின்றாள்.

"ஏண்டி மார்னி, இன்னும் வெட்டாம வச்சிருக்கியே, பேரு வைக்கப் போறியா? காத்துல தூள் பறந்துச்சுன்னா என் தோட்டம் மொத்தமும் விதை புடிச்சிரும். விதை விழுந்த மொட்டை எவன் வாங்குவான்? இந்த வருஷமும் போச்சுன்னா நான் நிலத்தை வித்துட்டுப் போகணும்."

"தெரியும்."

லியோனா குனிந்து தானும் தண்டைத் தேய்த்து முகர்ந்தாள். வாசலில் நாற்காலியில் நிமிர்ந்தபடி உட்கார்ந்திருந்த கிளெமைப் பார்த்தாள். கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"சாயங்காலம் நான் வர்றப்ப இது இங்க இருக்கக் கூடாது. எங்க போச்சுன்னு கேக்க மாட்டேன்."

கடலோரத்தில் மார்னியின் தங்கைக்கு ஒரு கொட்டகை இருந்தது. எப்போதும் மூடுபனி மூடிய அந்த ஊர்ப்பக்கம் யாரும் இதைப் பயிரிடுவதில்லை. செடியைத் தொட்டியோடு ஈரப் போர்வையால் சுற்றி வண்டியில் ஏற்றினாள். கிளெம் மெல்ல ஏறி உட்கார்ந்து தொட்டியை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டான்.

"என் பொண்டாட்டி இன்னொரு ஆம்பளையைக் கூட்டிட்டுப் போறா. நானே அவனைப் புடிச்சுக்கிட்டு வர்றேன் பாரு."

"வாயை மூடிக்கிட்டு கெட்டியா புடி."

ஜன்னல்களைத் திறக்கவில்லை. வெதுவெதுப்பில் அத்தி வாசனை வண்டியை நிறைத்தது. வானளாவிய ரெட்வுட் மரங்களின் நிழல் அவர்கள் மடியில் விழுந்து விழுந்து விலகியது. கிளெம் தன் தகப்பனின் படகைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தான். ஒரு வளைவில் பேச்சு பாதியில் நின்றது.

மார்னி திரும்பிப் பார்த்தாள். போர்வை நழுவியிருந்தது. இலைகளில் கன்னத்தைச் சாய்த்து அவன் தூங்கிக்கொண்டிருந்தான். எந்த மணியோ வெடித்து, அவன் புருவத்தில் மஞ்சள் தூள் படிந்திருந்தது. வாசனையா, பாதையின் ஆட்டமா, அவளுக்குத் தெரியவில்லை. வண்டி நின்றால் விழித்துவிடுவான் என்று மட்டும் தெரிந்தது.

தங்கை வீட்டுத் திருப்பம் பனிக்குள்ளிருந்து வந்தது. மார்னி வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. திருப்பம் பின்னால் போயிற்று. கண்ணாடியில் படிந்த ஆவியைச் சட்டைக்கையால் துடைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத கடலின் ஓரமாக வடக்கே ஓட்டிக்கொண்டிருந்தாள்.