அண்ணி எடுத்த ரீபவுண்டுகள்

கூடைப்பந்தில் ரீபவுண்ட் எடுக்க, அதாவது வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்தைப் பிடிக்க, உயரம் மட்டும் போதும் என்று சொல்கிறவர்களை என்னிடம் அனுப்புங்கள். நான் ஐந்தடி இரண்டங்குலம். அண்ணி ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. எங்கள் பேருந்துப் பணிமனை அணிக்காக அவள் ஓர் ஆட்டத்தில் பதினைந்து எடுத்தாள் என்றால், அதில் பத்து என் முதுகால் வந்தது.

கூடையில் பட்டுத் திரும்பும் பந்து எங்கே விழும் என்று பார்த்து, எதிரணிக்காரியை முதுகாலும் இடுப்பாலும் நெட்டித் தள்ளி நிறுத்துவேன். அண்ணி நின்ற இடத்தில் நின்று கையை நீட்டுவாள். எதிரணி எறியும்போதும் அப்படித்தான். எறிகிறவளின் முழங்கால் மடங்குவதைப் பார்த்து "இப்போ!" என்று நான் கத்தினால்தான் எம்பித் தட்டுவாள். இல்லையென்றால் வெறும் காற்றைத் தட்டிவிட்டு வருவாள்.

முதலில் அவள் என் தோழி. பணிமனையில் இருவருக்கும் டயர் பிரிவில் வேலை. பிடிவாதம் பிடித்து அவளை என் அண்ணனுக்குக் கட்டிவைத்தவள் நான்தான்.

எல்லாப் பணிமனைகளுக்கும் பொதுவான தலைமை அணியில் ஒரே ஓர் இடம் காலியானது. அடுத்த வருடம் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். தேர்வு ஆட்டத்துக்கு முந்தின நாள் அண்ணியே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்ட கேட்டாங்கன்னா உள்ளதைச் சொல்லிடுவேன்டி. எல்லாம் உன் வேலைதான்னு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆட்டத்தின் இடைவேளையில் தேர்வாளரம்மா அவளிடம் கேட்டார். "எப்படிம்மா இத்தனை ரீபவுண்ட்?"

நான் பக்கத்திலேயே ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"உயரந்தான் மேடம். அது பிறவியிலயே வரணும். பயிற்சி பண்ணி வளர முடியுமா?" என்று சிரித்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

சரி, இனி உயரமே பார்த்துக்கொள்ளட்டும். இரண்டாம் பாதியில் நான் யாரையும் மறிக்கவில்லை, கத்தவும் இல்லை. பந்துக்கு நானே போனேன். ஒன்பது எடுத்தேன். அண்ணிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, அதுவும் காலடிக்கு உருண்டு வந்தது. எதிரணி அவள் தலைக்கு மேலேயே எறிந்து தள்ளியது.

ஆட்டம் முடிந்ததும் தேர்வாளரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தப் பொண்ணு யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். என் தோளில் கையைப் போட்டாள்.

"என் நாத்தனார், மேடம். அவளுக்கு இது கடைசி வருஷம். பாவம், ஆசைப்படுறாளேன்னு பந்தையெல்லாம் நாந்தான் விட்டுக்குடுத்தேன்."

தேர்வாளரம்மா நெகிழ்ந்துபோனார். "பெரிய மனசும்மா உனக்கு" என்று தாளில் அவள் பெயரை எழுதினார். குட்டச்சி ஒருத்தி ஒன்பது பந்தைத் தானே எடுத்தாள் என்பதைவிட, நெட்டச்சி விட்டுக்கொடுத்தாள் என்பதை நம்புவது அவருக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது!

"பொய், மேடம்" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அவர் அடுத்த தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணி குனிந்து என் கண்ணைத் துடைத்தாள்.

"எல்லாரும் பாக்குறாங்க, அழாதடி. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."