ஹோபர்ட் செய்யாத பாவம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பாத்திரம் புளியோதரையில் தொடங்கியது. அமெரிக்காவில், டென்னசியில் குடியேறிப் பல வருடமாகிறது, ஊர் வழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஒரு வீட்டில் துக்கம் என்றால் மூடி போட்ட பாத்திரத்தில் சாப்பாடு போகும். எங்கள் ஊர்ப் பாடகி நெல்டா, கணவன் தன்னை ஏமாற்றிவிட்டதாக வானொலியில் பாடினாள். தூக்கினேன் பாத்திரத்தை.

கதவைத் திறந்தவன் அந்தக் கணவன் ஹோபர்ட்.

"உள்ள வைங்க. இதோட பதினேழு. அவ ஒண்ணையும் தொடமாட்டேங்கிறா, நான்தான் தின்னு தீர்க்கறேன்."

(பாத்திரம் இன்னும் திரும்பி வரவில்லை.)

2

"நீல மலைகளில் பனி இறங்கிய மாலையில், நெல்டாவின் குரல்..."

இப்படித் தொடங்க வேண்டாம். நெல்டா கேட்டால் சிரிப்பாள்.

அவள் இருபது வருடமாகச் சந்தை மைதானங்களில், பன்றிப் போட்டிக்கும் மாட்டுப் போட்டிக்கும் இடையில் பாடியவள். பின்னால் கிதாருடன் ஹோபர்ட். அவனைப் புகழ்ந்து ஒன்பது பாட்டு எழுதினாள், ஒன்றுகூட ஓடவில்லை. கன்ட்ரி என்கிற இந்த ஊர்க் கிராமியப் பாட்டில் சந்தோஷமான மனைவியை யார் கேட்பார்கள்? கடுப்பில் பத்தாவதாக, அவன் ஒருத்தியுடன் ஓடிப்போனதாக எழுதினாள். கடைசி இரண்டு வரி எடுத்துக்கொடுத்தவனே ஹோபர்ட்தான். பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது.

ஆனால் கன்ட்ரி ரசிகர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: பட்டவள்தான் பாட வேண்டும். பொய் என்று தெரிந்தால் பாட்டோடு பாடகியும் காலி.

3

இங்கே எனக்கு ஹோபர்ட் மேல் சந்தேகம். இவ்வளவு நல்லவனை வாசகர் நம்புவாரா? ஒரு வரைவில் அவனைக் கொஞ்சம் குடிக்க வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.

தீவனக் கடைக்காரர் அவனிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முடிவெட்டுபவர் பாதித் தலையோடு எழுப்பி அனுப்பினார். நெல்டாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஊரைக் கூட்டி உண்மையச் சொல்லிடறேன்."

"இப்பத்தான் உன் பேரு வெளிய வந்திருக்கு. பேசாம இரு கண்ணு. எனக்கு முடி சீக்கிரம் வளரும்."

4

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், வழக்கம்போல, மனந்திரும்ப விரும்புகிறவர்களை பாஸ்டர் முன்னால் அழைத்தார். சபை மொத்தமும் ஹோபர்ட்டைத் திரும்பிப் பார்த்தது. அவன் எழுந்தான், நடந்தான், மண்டியிட்டான், செய்யாத பாவத்துக்கு உரக்க மன்னிப்புக் கேட்டான். பாஸ்டருக்குக் கண் கலங்கியது.

"சகோதரா, அந்தப் பொண்ணு பேரு என்ன?"

"ரெண்டாவது சரணத்துல இருக்கு பாஸ்டர்."

ஒருவரும் சிரிக்கவில்லை. நெல்டா மெய் சொன்னால் இருபது வருடம் பாடிச் சேர்த்த பேர் போகும், சும்மா இருந்தால் ஆண்டவர் முன்னால் அவளுக்காகப் பொய் சொன்னவன் பாவியாகவே திரும்புவான். நெல்டா எழுந்து நின்றாள்.

5

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறாள். பாட்டு செத்துப்போகிறது.

முடிவு இரண்டு: "மன்னிச்சுட்டேன்" என்கிறாள். அதையே தலைப்பாக வைத்து அடுத்த பாட்டு, இதைவிட நன்றாக ஓடுகிறது.

முடிவு மூன்று: அவனருகில் போய்த் தானும் மண்டியிட்டு... இதை அடித்துவிட்டேன். எழுதும்போது அழுகை வந்தது, நகைச்சுவைக் கதைக்கு ஆகாது.

நான் அன்று மூன்றாவது வரிசையில் இருந்தேன். அவள் சொன்னது என் காதில் விழுந்தது. இருந்தாலும் சொல்ல மாட்டேன், நீங்களே முடிவு செய்யுங்கள். ஒன்று மட்டும், ஹோபர்ட்டுக்கு மூட்டுவலி. நீங்கள் வாய் திறக்கும்வரை அவன் எழுந்திருக்கப் போவதில்லை.