வெள்ளிக்கிழமை வருகிறவள்

பெயர் சக்கரவர்த்தி. ஆள்வதென்னவோ சேவூரில் இரண்டு விசைத்தறிகளை. அவையும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. பேய் பிசாசெல்லாம் சும்மா என்று ஊரெல்லாம் பேசித் திரிந்த மனிதன், இப்போது வெள்ளிக்கிழமை என்றாலே வெலவெலத்துப்போகிறான்.

நான்கு வெள்ளிகளாக மகள் இளமதி விழுகிறாள். ஒன்பது வயது. முகம் வெளுத்து, கண் நிலைகுத்தி, சரிந்து, கைகால் உதறும். அவன் ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதற்குள் எழுந்துகொண்டு, "எனக்கு எதுக்குப்பா பீரோ சாவி?" என்பாள்.

அவன் அக்கா திலகவதியும் இப்படித்தான் விழுவாள். பத்தொன்பது வயதில் கிணற்றடிக்குப் போனவளைக் கிணற்றுக்குள்ளிருந்துதான் எடுத்தார்கள். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை.

"உங்க அக்காதான் பூ கேட்டு வர்றாங்க. படவேடு போயி மந்திரிச்சிகினு வந்துடலாங்க," என்றாள் மனைவி எழிலரசி.

"பூ வேணும்னா கடைக்குப் போவட்டும். என் பொண்ணு தலையில இன்னா வேலை?" என்றவன், சொல்லிவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

குழந்தை டாக்டர் இளஞ்செழியன் செல்போன் வீடியோவைப் பார்த்தார். "விழுந்த பின்னாடி எடுத்துருக்கீங்க. அதுக்கு முன்னாடி இன்னா நடந்துது?"

சக்கரவர்த்தி மனைவி பக்கம் திரும்பினான். எழிலரசிதான் சொன்னாள்: "நின்னுகினு இருந்தா சார். நான் சிக்கெடுத்துகினு இருந்தேன்."

"நாலு தடவையுமா?"

"வெள்ளிக்கிழமைதானே சார் தலைக்கு ஊத்திப் பின்னுவேன். கோயிலுக்குப் போயி வர்ற வரைக்கும் சாப்பிடவும் மாட்டோம்."

"மொதல்ல தலை சுத்தும், கண்ணு இருட்டும் சார்," என்றாள் இளமதி. "சொன்னா, ஆடாம நில்லுடின்னு அம்மா கொட்டுவாங்க."

"வலிப்பு மாதிரியே இருக்கும், ஆனா இது மயக்கம்," என்றார் டாக்டர். "நிக்க வெச்சு முடியை இழுத்தா சில பசங்களுக்கு பிரஷர் சட்டுனு எறங்கிடும். அதுலயும் கைகால் உதறும். எதுக்கும் ஒரு ஈசிஜி எடுத்துடலாம். மாத்திரை வேணாம். சாப்பிட வெச்சு, உக்கார வெச்சு வாருங்க. தலை சுத்துதுன்னா உடனே படுக்க வைங்க."

ஈசிஜியில் கோளாறு இல்லை. கிளம்பும்போது சக்கரவர்த்தி தயங்கினான். "எங்க அக்காவுக்கும் இதான் சார் இருந்திருக்குமா?"

"அவங்க விழறதுக்கு முன்னாடி இன்னா பண்ணிகினு இருப்பாங்க?"

அவனுக்குத் தெரியவில்லை. யாருமே பார்த்ததில்லை. விழுந்த பிறகுதான் எல்லோரும் ஓடுவார்கள்.

அடுத்த வெள்ளி, நான்கு இட்லி தின்றுவிட்டு இளமதி பலகையில் உட்கார்ந்தாள். சிக்கெடுத்தாயிற்று, பின்னியாயிற்று, பூவும் வைத்தாயிற்று. யாரும் வரவில்லை. இனி அக்கா வரவும் மாட்டாள் என்று தோன்றியபோதுதான் அவன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஏம்பா அழற?"

"எத்தினி சிக்கும்மா. பாத்துகினு இருந்த எனக்கே வலிக்குது."