கணக்கெடுக்க வந்த கௌரி

அந்த வேலையில் ஜெயகௌரிக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். முகக்கவசம் கட்டாயம்.

லண்டன் டூட்டிங்கில் நெடுங்காலம் கூறைச்சேலைக் கடை வைத்திருந்தவள். கொரோனா வந்து கல்யாணங்களை நிறுத்த, கடையும் படுத்துவிட்டது. அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "இப்ப எல்லாம் ஒன்லைனில போகுது," என்று அளந்துவிட்டு, குடிசனக் கணக்கெடுப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கண்டதும் சத்தமில்லாமல் விண்ணப்பித்தாள். படிவம் நிரப்பாத வீடுகளுக்குப் போய்க் கதவைத் தட்டி ஞாபகப்படுத்த வேண்டும். சில வாரத்து வேலை. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கல்யாண வீடுகளில் முன்வரிசையில் இருத்தப்பட்டவளுக்கு, கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டு வாசல் வாசலாக நிற்பதை நினைத்தாலே உடம்பு கூசியது.

விண்ணப்பத்தில் தமிழ் தெரியும் என்று எழுதியது வினையாகப் போயிற்று. அவளைப் பிடித்து, தமிழர் நிறைந்த பக்கத்து நோர்பரியில் போட்டுவிட்டார்கள். நோர்பரியில் தடுக்கி விழுந்தால் அவளிடம் சேலை வாங்கிய யார் மீதாவதுதான் விழ வேண்டும். ஆகவே அம்மணி ஒரு யோசனை கண்டுபிடித்தாள். தொப்பியை நெற்றிவரை இழுத்துவிடுவது. தமிழ் வீடு என்று தெரிந்தால் வாயில் இங்கிலீஷ் தவிர வேறொன்றும் வராமல் பார்த்துக்கொள்வது. முதல் வாரம் அது நன்றாகவே பலித்தது.

இரண்டாம் வாரம், ஒரு கதவைத் திறந்தவர் கமலாம்பிகை. தன் மகள்மாருக்கெல்லாம் ஜெயகௌரியிடம்தான் கூறை எடுத்தார். கணவர் போன பிறகு, கவுன்சிலில் இருந்தோ ஆஸ்பத்திரியில் இருந்தோ என்ன கடிதம் வந்தாலும் கடைக்குக் கொண்டுவந்து வாசித்துச் சொல்லக் கேட்பார். டூட்டிங்கில் பாதிப் பேர் அப்படித்தான் அவளிடம் வந்து போனார்கள்.

ஜெயகௌரி எட்ட நின்று, குரலைத் தடிப்பாக்கி, சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் சொன்னாள். கமலாம்பிகை அட்டையைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"தம்பி யதுசன், வெளிய வராத," என்று உள்ளே பார்த்துச் சொன்னார். "விசாக்காரர் வந்திருக்கினம்."

யதுசன் அவருடைய தமக்கையின் மகன். விசாவுக்காகக் காத்துக்கொண்டு அங்கே தங்கியிருக்கிறான். அவனுக்கு வந்த கடிதத்தை வாசித்துக் காட்டியவளும் ஜெயகௌரிதான்.

"அது இல்லை அம்மா, பயப்பிடாதேங்கோ." அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. தொண்டைவரை வந்தும்விட்டது. விழுங்கிவிட்டாள். கவலைப்பட ஒன்றுமில்லை என்று மறுபடியும் இங்கிலீஷிலேயே சொன்னாள். அது அந்த மனுசிக்குப் போய்ச் சேரவில்லை. கதவைப் பாதி சாத்திக்கொண்டு வழியை மறித்தார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், பாவி.

"வெயிற், வெயிற்," என்றபடி கமலாம்பிகை போனை எடுத்தார். உள்ளே நின்றவனுக்குக் கேட்கும்படி சொன்னார்: "பயப்பிடாத தம்பி. எங்கட கௌரிக்கு அடிக்கிறன். அவள் இங்கிலீசில கதைச்சு ஆளை அனுப்பிப்போடுவாள்."

ஜெயகௌரியின் தோள்பையில் போன் அடித்தது.

கமலாம்பிகை பையைப் பார்த்தார். தன் போனை நிறுத்தினார். பைக்குள் சத்தம் நின்றது. மறுபடி அழுத்தினார், மறுபடி அடித்தது. இனி ஒளிக்க என்ன இருக்கிறது? ஜெயகௌரி முகக்கவசத்தைக் கழற்றினாள். காது மடல்வரை சுட்டது.

"தம்பி, ஒண்டுமில்லை. எங்கட கௌரிதான்," என்று கமலாம்பிகை முதலில் அவனுக்குச் சொன்னார். பிறகுதான் இவள் பக்கம் திரும்பினார்.

"ஏன் பிள்ளை, என்னோட இங்கிலீசில கதைச்சனீ?"

கடை என்னவாயிற்று, இதென்ன வேலை என்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்குப் பதில் தயாராக வைத்திருந்தாள். இந்தக் கேள்விக்கு, கழற்றிய முகக்கவசத்தைக் கையில் பிடித்தபடி தலைகுனிந்து நிற்கத்தான் முடிந்தது.