ஏழு ஊரில் எதை அடிப்பது?

1

"நொட்டாங்கைப் பக்கம் மச்சான்! நொட்டாங்கைப் பக்கம்!"

கத்தியதோடு நிற்காமல் நஃபீஸத் ஸ்டியரிங்கையே பிடித்து இழுத்துவிட்டாள். வாழைத்தார் லாரி மயிரிழையில் உறுமிக்கொண்டு கடந்தது. கார் ஒரு புளியமரத்தடியில் போய்க் குலுங்கி நின்றது.

ரசீத் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சவுதியில் இருபத்திரண்டு வருஷம் டிரெய்லர் ஓட்டியவர். அங்கே சாலையின் வலப்பக்கம்தான் போக வேண்டும். ஒரேயடியாக ஊர் திரும்பி மூன்று வாரமாகியும் கை தானாக வலப்பக்கம் போகிறது. நாளைக் காலையில் இந்தக் கையை வைத்துக்கொண்டுதான் மனைவி நஃபீஸத்தோடு சென்னைக்குப் புறப்பட வேண்டும், மகள் தஸ்லிமா வீட்டுக்கு. அறுநூறு கிலோமீட்டர்.

[வாசகரே, லாரி என் கைச்சரக்கு. இந்தக் கதை எனக்குக் கிடைத்தது செய்துங்கநல்லூர்ப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில். பைக்குக்குக் காற்றடிக்கக் காத்திருந்தேன். பக்கத்துக் காரில் ஒரு துண்டுத்தாளை நடுவில் வைத்துப் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை. "ஏழும் வேணும்" என்றாள் அந்த அம்மாள். அவ்வளவுதான் காதில் விழுந்தது. லாரி விடாமல் ஆரம்பித்தால் எனக்குப் பேனா ஓடாது. வாரப் பத்திரிகைப் பழக்கம்.]

2

சண்டையை நானே எழுதினேன். வழியில் நிற்க நஃபீஸத் எழுதிவைத்த ஊர்களை ரசீத் துண்டுத்தாளில் வாசிக்கிறார்.

"கோவில்பட்டி, சாத்தூர், மேலூர், துவரங்குறிச்சி, பெரம்பலூர், விழுப்புரம், அச்சரப்பாக்கம். ஏளா, இது டூரா, டவுன் பஸ்ஸா?"

"டவுன் பஸ்ஸுன்னே வச்சுக்கோங்க."

"ரியாத்துல இருந்து தம்மாமுக்கு நானூறு கிலோமீட்டர். ஒரு சாயாவுக்குக்கூட நிக்க மாட்டேன், தெரியுமா?"

"நீங்க ஒட்டகத்த ஏத்திட்டுப் போனிய. அது வாயத் தொறந்து கேக்கவா செய்யும்? நான் கேப்பேன்."

"சரி, கோவில்பட்டில கடலைமிட்டாய். சாத்தூர்ல காரச்சேவு.* அச்சரப்பாக்கத்துல என்னளா இருக்கு?"

"டீக்கடை இருக்கு."

"டீக்கடை நம்ம தெருவுலயே நாலு இருக்கே! மூணு ஊர அடிச்சிருதேன்."

"ஒண்ண அடிச்சாலும் நான் வரல. நீங்களும் உங்க காருமா போயிட்டு வாங்க."

ரசீத்துக்குத் திக்கென்றது. லீவில் வந்தபோதெல்லாம் கல்யாணம், மய்யத்து அடக்கம், வீட்டு வேலை என்றே நாள் கரைந்தது. இவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு நாள் முழுக்க ஓட்டியதே இல்லை. அந்த ஒரே ஆசை இப்போது ஒரு துண்டுத்தாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

* காரச்சேவை எந்த வரைவிலும் நான் அடிக்கவில்லை. அதற்கு எனக்கு அதிகாரமில்லை.

3

ஏன் ஏழு? இங்கேதான் எனக்கு நஃபீஸத் மேல் சந்தேகம் வந்தது.

முதல் வரைவில் அவளுக்குச் சர்க்கரை வியாதி கொடுத்தேன். சொதப்பல். அடுத்ததில், அச்சரப்பாக்கம் டீக்கடையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் அவளுக்காகக் காத்தி— வேண்டாம், வாய்விட்டுச் சிரித்துவிடுவாள். மூன்றாவதில், புருஷன் கை வலப்பக்கம் போய்விடாமல் அடிக்கடி நிறுத்தி நினைவூட்டுவதற்காக என்று எழுதினேன். புத்திசாலித்தனமான காரணம்! இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு சந்தோஷமாகத் திரிந்தேன். மூன்றாம் நாள் படித்துப் பார்த்தால், அதில் புத்தி இருந்தது, நஃபீஸத் இல்லை.

4

முடிவு அ: ரசீத் மூன்று ஊரை அடிக்கிறார். அவள் ரயிலில் போகிறாள். அறுநூறு கிலோமீட்டருக்கும் பக்கத்து சீட் காலி.

முடிவு ஆ: ஏழுக்கும் தலையாட்டுகிறார். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் வாட்சைப் பார்த்து முணுமுணுக்கிறார்.

இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. மூன்றாவதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டிய ஒன்றை மட்டும் இதுவரை உங்களிடம் மறைத்துவிட்டேன். தொழில்புத்தி, மன்னியுங்கள். இந்தாருங்கள்:

ரசீத் பேனா மூடியைக் கழற்றினார். நஃபீஸத் அவரைப் பார்க்காமல், சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒவ்வொரு லீவு முடிஞ்சும் உங்கள ஏத்திவிட வேன் பிடிச்சு மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு வந்தோம்லா. போகையில பிளைட்டு தப்பிருமோன்னு எங்கனயும் நிக்கல. உங்கள விட்டுட்டுத் திரும்புகையில இந்த ஏழு ஊர்லயும் நின்னாங்க. எல்லாரும் இறங்கித் தின்னாங்க, சிரிச்சாங்க. பதினோரு தடவை மச்சான். நான் ஒரு தடவைகூட வேன விட்டு இறங்கல."