சாமினி அக்கா பேசுவாங்க

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தத் திட்டத்தின் அலுவலகம். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கம்பஸுக்குப் போகிற பிள்ளைகளை, படித்து முடிக்கும்வரை விடாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. ஜிந்துப்பிட்டி நிஷாந்தி அப்படிப் போனவள். முதல் வருடத்திலேயே புள்ளிவிபரவியல் துரத்தத் தொடங்க, எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் துணிக்கடை வேலைக்குப் புறப்பட்டவளைத் திரும்பக் கொண்டுபோய் வகுப்பில் உட்கார வைத்தது சாமினி. திட்டம் அவளுக்கு வழிகாட்டியாகத் தந்த கடைசி வருட மாணவி.

சாமினியைப் பற்றி விசாரிக்கத்தான் பொறுப்பாளர் தில்லைநாதன் நிஷாந்தியைக் கூப்பிட்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"சொல்லும் பிள்ளை, சாமினி எப்பிடி?"

"தங்கமானவங்க சேர். தெனமும் பேசுவாங்க."

தில்லைநாதனின் புருவம் ஏறியது. "தினமுமோ?"

"ஆமாங்க சேர். சில நாள் ஒரு மணித்தியாலம் கூடப் பேசுவாங்க."

"நீர் என்ன செய்வீர்?"

"சிரிச்சிக்கிட்டே கேப்பேன். அவங்க பேசலைன்னா எனக்குப் படிப்பே ஓடாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவருக்கு என்ன வந்தது என்று நிஷாந்திக்கு விளங்கவில்லை. இன்னும் நன்றாகச் சொல்ல வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

"எங்க அம்மாகிட்டயும் பேசுனாங்க சேர்."

"தாய்க்குமோ?"

"அப்பாகிட்டயும் பேசணும்னு சொன்னாங்க. அவருதான் வேலைக்குப் போயிட்டாரு."

"நல்ல காலம்," என்றார் தில்லைநாதன். "இஞ்ச பாரும் பிள்ளை, பயப்பட வேண்டாம். உமக்கு வேற ஆளைப் போட்டுத் தாறன். சாமினியை இண்டைக்கே நிப்பாட்டுறன்."

நிஷாந்திக்கு அடுத்த மாதம் பரீட்சை. சாமினி அக்கா இல்லாவிட்டால் துணிக்கடைதான்.

"ஏன் சேர்? அவங்க பேசுறதுதானே நல்லது?"

"உங்கட சனத்தை எல்லாத்தையும் பொறுத்துக்கொள்ளப் பழக்கிப்போட்டாங்கள்," என்று பெருமூச்சு விட்டபடி அவர் ஃபோனை எடுத்து, இருவருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

"சாமினி, நீர் இந்தப் பிள்ளைக்குத் தினமும் பேசுறீராம்?"

"நானோ? ஐயோ சேர், நான் ஒருநாளும் பேசினதில்லை."

நிஷாந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, ஏன் பொய் சொல்றீங்க? நேத்துக்கூடப் பேசுனீங்களே."

"நேற்று எங்க பேசினனான்? வடிவாத்தானே கதைச்சனான்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

ஃபோனில் சாமினி சிரிக்கத் தொடங்கினாள், நிறுத்த முடியவில்லை.

"சேர், எங்கட யாழ்ப்பாணத்து வீட்டிலதான் பேசுறதெண்டா ஏசுறது. அவையளின்ர வீட்டில பேசுறதெண்டா சும்மா கதைக்கிறது."

தில்லைநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிஷாந்தியை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அப்ப, தாய்க்கு?"

"சுகம் விசாரிச்சாங்க சேர்."

"ம்." அவர் தொண்டையைச் செருமினார். "அப்பிடியெண்டா சாமினியே இருக்கட்டும். ஆனா சாமினி, இந்தப் பிள்ளை போன கிழமை புள்ளிவிபரவியல் வகுப்புக்குப் போகேல்லையாம். தெரியுமோ?"

ஃபோனில் சிரிப்பு சட்டென்று நின்றது.

"என்னட்டச் சொல்லேல்லையே சேர்."

"கொஞ்சம் பேசிவிடும்."

நிஷாந்தி மெல்ல மேசைப் பக்கம் குனிந்தாள். "எங்க வீட்டுப் பேச்சுதானே அக்கா?"

"வெளியில வந்து எனக்கு ஃபோன் எடு நீ," என்றாள் சாமினி. "முதல்ல எங்கட வீட்டுப் பேச்சு."