ஒரு குறையும் இல்லீங்க

சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு, மனைவி அவருடைய வலது கையை எடுத்து மடியில் வைத்தாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தக் கை வைத்த இடத்தில்தான் கிடக்கும். காலமெல்லாம் பேருந்து ஓட்டிய கை. தெருவில் இன்னும் அவருக்கு டிரைவர் என்றுதான் பேர். ஆனால் பல் தேய்க்க, குளிக்க, சாப்பிட எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் வேண்டும்.

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அந்த நேரத்தில் அவரைக் கவனித்துக்கொள்ளப் பக்கத்து வீட்டம்மா வருவார். அந்தம்மாவுக்குச் சம்பளம், நகராட்சி தந்த பராமரிப்பு உதவித்தொகையிலிருந்து. இப்போது அது நின்றுவிட்டது. திரும்பக் கிடைக்காவிட்டால் அவள் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்க வேண்டியதுதான். அப்புறம் அடுப்பு எப்படி எரியும்?

நிறுத்த வைத்தது யார் என்று பார்த்தால், நம் டிரைவரேதான். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? உதவித்தொகை பற்றி விசாரிக்க நகராட்சி அதிகாரி வந்தபோது அவள் வேலையில் இருந்தாள், பக்கத்து வீட்டம்மா மருந்துக்கடைக்குப் போயிருந்தார். வீட்டுக்கு வந்தவரை உட்கார்ந்தபடியா வரவேற்பது என்று, இந்த மகராசன் ஜன்னல் கம்பியைப் பிடித்து, தம் கட்டி எழுந்து நின்றுவிட்டார்.

"எப்படி இருக்கீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒரு குறையும் இல்லீங்க."

"உங்க வேலைய நீங்களே பாத்துக்கிறீங்களா?"

"அதெல்லாம் சமாளிச்சுக்குவேங்க. நீங்க மொதல்ல உக்காருங்க."

அதிகாரி அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டு போனார். உதவித்தொகை நிறுத்தம் என்று தகவல் வந்த அன்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உண்மையச் சொன்னா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?"

"முன்னப்பின்ன தெரியாத மனுஷன்கிட்ட மூக்கச் சிந்தச் சொல்றியா? நகராட்சியே முடிவு பண்ணிடுச்சு. விடு. மறுபடி போய்க் கையேந்தணுமா?"

விடுவாளா? மறுநாளே நகராட்சி அலுவலகத்தில் போய் நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த எழுத்தர் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் பேசினாள். ஆனால் பேசியதெல்லாம் காதில் தேன் வார்த்தது.

"அவங்க முடிவு பண்ணிட்டா அதோட முடிஞ்சுதுன்னு யாரு சொன்னா? மேல்முறையீடு பண்ணுங்க. செலவு கிடையாது, சிபாரிசும் வேணாம். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? டாக்டர் சான்றிதழோட அவரையும் கூட்டிட்டு வாங்க. ஆனா ஒண்ணு, அவரு வாயாலதான் சொல்லணும்."

அந்தப் புண்ணியவதி உட்கார்ந்து மனுவையும் தானே எழுதிக் கொடுத்தாள்.

அவள் பிடித்த பிடிவாதத்தில் டிரைவரும் கூட வந்தார். விசாரணை அறையில், மேசைக்கு அந்தப் பக்கம் மேல்முறையீட்டுக் குழுவின் தலைவியும், வீட்டுக்கு வந்த அதே அதிகாரியும் இருந்தார்கள்.

"எப்படி இருக்கீங்க ஐயா?" என்றார் தலைவி.

பழக்கதோஷம் யாரை விட்டது? "நல்லா இருக்கேங்க," என்றார் டிரைவர். மனைவிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

தலைவி முகம் மாறவில்லை. "சரி. இன்னிக்குக் காலையில கண்ணு முழிச்சதுலேருந்து இங்க வந்து உக்கார்ற வரைக்கும், நீங்களா என்னென்ன செஞ்சீங்க?"

டிரைவர் சொல்ல வாயெடுத்தார். படுக்கையிலிருந்து எழுந்தது? அவள்தான் தூக்கினாள். பல் தேய்த்தது? அவள். குளித்தது, உடுத்தியது, செருப்பு மாட்டியது? எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள்தான் நின்றாள். 

"ஒண்ணுமே செய்யலீங்க," என்றார். "எல்லாம் இவதான். இவ இல்லாட்டி நான் படுக்கையிலதாங்க கிடப்பேன். வந்தவர்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அதிகாரி தலை குனிந்தார். "என் மேலயும் தப்பு இருக்கு. நீங்க சொன்னத எழுதினேனே தவிர, ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடிக்க முடியுதான்னுகூடப் பாக்கல."

உதவித்தொகை தொடரும் என்று தலைவி அங்கேயே சொல்லிவிட்டார். அவள் ஓடிப்போய் எழுத்தர் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர்தான் வந்தது. "சரி சரி, வரிசையில ஆள் நிக்கிறாங்க," என்றாள் அந்தப் பெண், அவள் கையை விடாமலே.

பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் டிரைவர் மனைவி பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு சொன்னார்:

"நமக்குச் சேர வேண்டியதக் கேக்கறதப் பிச்சைன்னு நெனச்சுட்டேன். அது நம்ம உரிமை. தப்பா முடிவு பண்ணினா, தப்புன்னு சொல்லத்தான் வேணும். ஆனா அதவிடப் பெரிய தப்பு ஒண்ணு பண்ணிட்டேன். எனக்கு ஒரு குறையும் இல்லன்னு சொன்னப்பல்லாம், நீ எனக்கு ஒண்ணுமே செய்யலன்னுல்ல சொல்லியிருக்கேன்? நம்ம கஷ்டத்த மறைச்சா, நம்மளத் தாங்குறவங்களையும் சேத்துத்தான் மறைக்கிறோம்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்பவாவது புரிஞ்சுதே. பஸ் வருது பாருங்க."

நிறுத்தத்தில் அத்தனை பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால், கூச்சமே இல்லாமல் டிரைவர் இடது கையை அவளிடம் நீட்டினார்.

"என்னால முடியலம்மா. கொஞ்சம் தூக்கி விடு."